பெயர் போடாத செய்தி

அவள் விடியற்காலை ஐந்து பத்துக்குப் போனாள்.

நான்கு நாளாக மருத்துவமனை வராந்தாவில் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்த கோர்ட்டய்யா, நர்ஸ் வந்து சொன்னபோதும் நிமிர்ந்தேதான் இருந்தார். "நேரம் என்ன?" என்று கேட்டார். நர்ஸ் சொன்ன நேரத்தைச் சட்டைப் பையிலிருந்த சின்ன நோட்டில் குறித்துக்கொண்டார். முப்பத்தெட்டு வருடம் நீதிமன்றத்தில் தட்டச்சு செய்தவர். தெருவே அவரைக் கோர்ட்டய்யா என்றுதான் கூப்பிட்டது. எந்தச் செய்தி வந்தாலும் முதலில் நேரத்தைக் குறித்துக்கொள்ளும் பழக்கம் கைக்கு வந்துவிட்டிருந்தது.

அவர் நோட்டில் எழுதாத நேரம் ஒன்று இருந்தது. நான்கு பத்து.

நான்கு பத்துக்கு அவர் உள்ளே போய்ப் பார்த்தபோது மனைவி கண்ணைத் திறந்து அவர் விரலைப் பிடித்தாள். உள்ளங்கை சுட்டது.

"ஒரு தடவை அவன் பேரைச் சொல்லுங்க. உங்க வாயால கேக்கணும்."

மகனின் பெயரை மூன்று வருடமாக அவர் உச்சரித்ததில்லை. நாலே எழுத்து. சொல்ல மாட்டேன் என்று நடுக்கூடத்தில் நின்று சபதம் போட்டவர். வாய் திறந்தது. போர்வையை இழுத்துவிட்டார்.

"இப்போ தூங்கு. காலையில சொல்றேன்" என்றார்.

அதற்குப் பிறகு ஒரு மணி நேரம்தான் இருந்தது. அது அவருக்குத் தெரியாது.

* * *

பத்து மணிக்கு உடலை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். கூடத்தில் குளிர்பெட்டி முணுமுணுத்துக்கொண்டிருந்தது. எல்லாவற்றையும் முன்னால் நின்று நடத்தியவர் அவருடைய தம்பி. பந்தல், நாற்காலி, வண்டி, தகவல் சொல்ல வேண்டிய உறவுகளின் பட்டியல் என்று ஓடிக்கொண்டே இருந்தார். ஓடும்போதெல்லாம் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நாலரைக்கு அடக்கம்ணா. சொல்லிட்டேன். இழுத்தடிக்க வேணாம்."

"ம்."

"அவனுக்குச் சொல்லணுமா என்ன? கப்பல் கரைக்கு வர ஒன்பது நாள் ஆகுமாம். சொன்னா மட்டும் பறந்து வந்துடப் போறானா? வந்தாலும் யார் முகத்துல முழிப்பான்?"

கோர்ட்டய்யா தம்பியின் முகத்தைப் பார்த்தார். மூன்று வருடத்துக்கு முன் இதே தம்பி இதே கூடத்தில் அழுதுகொண்டு நின்றது ஞாபகம் வந்தது. அன்று தம்பியின் கார், சாலையோரம் மெஷின் போட்டு உட்கார்ந்திருந்த ஒரு தையல்காரரை அடித்துப் போட்டுவிட்டு நிற்காமல் வந்திருந்தது. ஆள் பிழைக்கவில்லை. ஓட்டியது நான்தான் என்று டிரைவர் பழியை ஏற்றுக்கொண்டான். எல்லாம் பேசி முடித்தாயிற்று. காரில் பின்சீட்டில் இருந்த மகன் மட்டும் கூண்டில் ஏறி, ஓட்டியது சித்தப்பாதான் என்று சொல்லிவிட்டான். தம்பி பதினெட்டு மாதம் உள்ளே இருந்துவிட்டு வந்தார்.

குடும்ப மானத்தைக் கூண்டில் ஏற்றினவன் என்று சொல்லி மகனை வெளியே போகச் சொன்னவர் கோர்ட்டய்யா. அவன் கப்பல் வேலைக்குப் போய்ச் சேர்ந்தான்.

மனைவிக்கு உடுத்த நல்ல துணி எடுக்கப் படுக்கை அறைக்குப் போனார். மருத்துவமனையிலிருந்து வந்த பையில் அவளுடைய சின்னத் தலையணை இருந்தது. அதை எடுத்து உதறியபோது உறைக்குள் ஏதோ சரசரத்தது.

மடித்த தாள்கள். பதினான்கு. அச்சடித்த எழுத்து. ஒவ்வொன்றின் தலையிலும் தேதியும் நேரமும். மகள் வேலை செய்யும் அலுவலகத்தின் தாள் என்று பார்த்ததுமே தெரிந்தது. எல்லாம் மகன் எழுதியவை.

"அம்மா, இங்க அலை பெருசா இருக்கு. பயப்படாதே, கப்பல் அதைவிடப் பெருசு."

"இன்னிக்கு ஒரு கேபிளை ஒட்ட ஆறு மணி நேரம். உன் கண்ணாடியைக் கடன் வாங்கியிருக்கலாம்."

தனக்குத் தெரியாமல் தாயும் மகளும் மகனும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். கோபம் வர வேண்டிய இடம்தான். கடைசித் தாள் வரைக்கும் வந்துவிட்டால் கோபப்படலாம் என்று படித்துக்கொண்டே போனார். கடைசித் தாளில் இரண்டே வரி. தேதி ஒன்பது நாளைக்கு முந்தியது.

"அப்பாவுக்கு இருமல் நின்னுச்சா? ராத்திரி வெந்நீர் குடிக்கச் சொல்லு, கேக்க மாட்டார், நீதான் ஊத்திக் கொடுக்கணும்."

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மறுபடி படித்தார். அந்தத் தாளை மட்டும் நாலாக மடித்துச் சட்டைப் பையில், நோட்டுக்குப் பின்னால் வைத்தார்.

மகளைக் கூப்பிட்டார். அழுது வீங்கிய முகத்தோடு வந்தாள். கட்டிலில் விரிந்து கிடந்த தாள்களைப் பார்த்ததும் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டாள்.

"உன் ஆபீஸ்லேர்ந்து கப்பலுக்கு எத்தனை மணிக்குப் பேசலாம்?"

"பேச முடியாதுப்பா. எழுதத்தான் முடியும். காலையில எட்டு மணிக்கு நாற்பது நிமிஷம், மத்தியானம் ரெண்டு மணிக்கு நாற்பது நிமிஷம். காலையில நாம ஆஸ்பத்திரியில கையெழுத்துப் போட்டுக்கிட்டிருந்தோம்."

"ரெண்டு மணிக்கு என்னைக் கூட்டிட்டுப் போ."

"நானே சொல்லிடறேன்பா. இல்லேன்னா கேப்டன் மேசைக்கு எழுதினா, அவர் நேர்ல கூப்பிட்டுப் பக்குவமா…"

"பெத்தவ செத்த செய்தி வெளியாள் வாயால போகக் கூடாது. தங்கச்சி வாயாலயும் கூடாது. நான் இருக்கேன்."

அவள் ஏதோ சொல்ல வந்தாள். தாள்களைப் பார்த்தாள். சொல்லவில்லை.

* * *

உடல் கூடத்தில் கிடக்க, வீட்டுத் தலைவர் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனதைப் பந்தலில் இருந்த அத்தனை பேரும் பார்த்தார்கள். "எங்கண்ணா?" என்று தம்பி வாசல் வரை ஓடிவந்தார். "வேலை இருக்கு" என்று சொல்லிவிட்டு ஆட்டோவில் ஏறினார் கோர்ட்டய்யா. பின்னால் சலசலப்பு எழுந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

கடலுக்கடியில் கிடக்கும் கேபிள்களைப் பழுது பார்க்கிற கம்பெனியின் கரை அலுவலகம் அது. பெரிய ஹாலில் இருபது மேசைகள். ஒவ்வொன்றிலும் ஒரு திரை. மகளைப் பார்த்ததும் பக்கத்து மேசைக்காரர்கள் எழுந்து வந்து கையைப் பிடித்தார்கள். "இன்னிக்கு எதுக்கும்மா வந்தே?" என்று மேற்பார்வையாளர் கேட்டாள். காதில் பென்சில் செருகியிருந்த, மூட்டுவலிக்காரப் பெண்மணி. மகள் அவள் காதருகே ஏதோ சொன்னாள். அவள் கோர்ட்டய்யாவைப் பார்த்துக் கைகூப்பினாள். ஹாலின் கோடியில் கண்ணாடித் தடுப்புப் போட்ட தனி அறையைத் திறந்துவிட்டாள்.

"கடமை மேசை ஐயா இது, டியூட்டி அதிகாரி உக்கார்ற இடம். இப்போ இது காலிதான். உக்காருங்க."

திரை கறுப்பு. அதில் படமும் இல்லை, பொத்தானும் இல்லை. பச்சை நிறத்தில் ஒரு சின்னக் கோடு துடித்துக்கொண்டிருந்தது, அவ்வளவுதான்.

"நடுக்கடல்ல கிடைக்கற இணைப்பு நூல் மாதிரிப்பா. குரல் போகாது, படம் போகாது. எழுத்து மட்டும் போகும்" என்று மகள் பக்கத்தில் நின்று விளக்கினாள். "'சொல்'னு அடிக்கணும். ஒரு இடம் விட்டு, யாருக்கோ அவங்க பேர். என்டர் தட்டினா வழி திறந்துக்கும். அப்புறம் ஒவ்வொரு வரியா எழுதி என்டர் தட்டத் தட்ட, அந்த வரி அவங்க திரையில போய் விழும். முடிச்சதும் தனியா ஒரு புள்ளி வெச்சு என்டர்."

"எழுதினதை அழிக்க?"

"என்டர் தட்டறதுக்கு முன்னாடி அழிக்கலாம். தட்டிட்டா போனதுதான். திரும்ப எடுக்க முடியாது."

"தட்டச்சு மெஷின்லயும் அப்படித்தான்" என்றார் அவர்.

"பழைய மெஷின் மாதிரியே எழுத்து வர்ற வகையை மாத்தி வெச்சுட்டேன். அந்தந்த எழுத்து அந்தந்த இடத்துலயே இருக்கும். பேரை நான் அடிச்சுக் கொடுத்துடட்டுமாப்பா?"

"எனக்குத் தட்டச்சு தெரியும்."

அவள் ஒரு துண்டுச் சீட்டில் அந்த நாலெழுத்தை எழுதி மேசையில் வைத்தாள். அவர் அதைக் குப்புறத் திருப்பி வைத்தார்.

"நீ வெளியே நில்லும்மா. நான் எழுதறதை நீ பாக்க வேணாம்."

மகள் கதவுவரை போனாள். நின்றாள். "அப்பா, ஒருவேளை அவன்…" என்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"என்ன?"

"ஒண்ணுமில்லை."

கதவு சாத்திக்கொண்டது. சுவரில் மணி இரண்டு ஐந்து. திரையின் மேல்மூலையில் 'இணைப்பு உண்டு' என்று நின்றிருந்தது.

கோர்ட்டய்யா விரல்களை விசைகளின்மேல் வைத்தார். ஓய்வுபெற்று ஆறு வருடம் ஆகியும் விரல்கள் மறக்கவில்லை. 'சொல்' என்று அடித்தார். இடம் விட்டார்.

அங்கே நின்றது கை.

விரலுக்கு எழுத்துகள் தெரியும். பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது விண்ணப்பத்தில் முதன்முதலில் அந்தப் பெயரைத் தட்டச்சு செய்தவரே அவர்தான். சீட்டைத் திருப்பினார். பார்த்தார். மறுபடி குப்புற வைத்தார். விடியற்காலை அவள் கேட்டபோது சொல்லாத பெயர். செத்தவளுக்குக் கொடுக்காததை ஒரு இயந்திரத்துக்குக் கொடுப்பதா? அப்படி நினைத்தாரோ, அல்லது மூன்று வருட வைராக்கியம்தான் கையைப் பிடித்ததோ, அவருக்கே பிரித்துச் சொல்லத் தெரிந்திருக்காது. நீதிமன்றத்தில் 'மேற்படியார்' என்று ஒரு சொல் உண்டு. பெயர் சொல்லாமலே ஆளைச் சுட்டலாம். மகள் இந்த மேசையிலிருந்து தினமும் அவனுக்குத்தானே எழுதியிருப்பாள், இயந்திரத்துக்குத் தெரியாமலா இருக்கும் என்று நினைத்துக்கொண்டார். யாரிடமும் கேட்கவில்லை. கேட்டுப் பழக்கமில்லை.

பெயரைப் போடாமலே என்டரைத் தட்டினார்.

திரை மறுப்புச் சொல்லவில்லை. அடுத்த வரியில் கோடு துடித்தது. எழுது என்றது.

எழுதினார்.

'உன் அம்மா இன்று காலை 5.10-க்குக் காலமானாள். கடைசியில் வலி இல்லை.'

என்டர்.

தலைமகனுக்குத் தகப்பன் எழுத வேண்டியது அவ்வளவுதான். புள்ளி வைக்கலாம். சட்டைப் பையில் நாலாக மடித்த தாள் நெஞ்சில் உறுத்தியது. *இருமல் நின்னுச்சா.* விரல்கள் தாமாகவே நகர்ந்தன.

'நீ கூண்டில் சொன்னது எல்லாம் உண்மை. எனக்கு அன்று இரவே தெரியும்.'

என்டர்.

'அன்று இரவு காரின் விளக்குக் கண்ணாடியில் இருந்த ரத்தத்தை வாளித் தண்ணீர் ஊற்றிக் கழுவியவன் நான். நீ மாடி ஜன்னலில் நின்று பார்த்ததை நானும் பார்த்தேன்.'

என்டர்.

'காரைக் கழுவியது யார் என்று வக்கீல் கேட்டதற்கு எனக்குத் தெரியாது என்று சொன்னாய். உன் சாட்சியத்தின் நகலை வாங்கிப் படித்தேன். அதில் அந்த ஒரு வரி மட்டும்தான் பொய். அது எனக்காகச் சொன்ன பொய்.'

என்டர்.

கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போட்டுக்கொண்டார்.

'உண்மைக்காக உன்னை வெளியே அனுப்பினேன். பொய்க்காக உனக்கு ஒரு நன்றிகூடச் சொல்லவில்லை. தவறு என்னுடையது. இருமல் குறைந்துவிட்டது.'

என்டர். தனியாக ஒரு புள்ளி. என்டர்.

திரையில் ஒரு வரி வந்தது. அதை ஒருமுறை படித்தார். புரியாமல் மறுபடி படித்தார்.

*61 பேருக்குச் சேர்ந்தது.*

* * *

கதவைத் திறந்தார்.

ஹாலில் ஒரு சத்தமும் இல்லை. இருபது மேசைகளிலும் இருந்தவர்கள் எழுந்து நின்றுகொண்டிருந்தார்கள். ஒவ்வொருவர் திரையிலும் பச்சை எழுத்தில் அதே ஐந்து வரிகள். இவ்வளவு தூரத்திலிருந்தே அவருக்கு அவற்றின் நீளம் தெரிந்தது. தன் வரிகளின் நீளம் தட்டச்சருக்குத் தெரியாதா?

யாரும் அவரைப் பார்க்கவில்லை. நீதிபதி உள்ளே வரும்போது நிற்பதுபோல் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். முப்பத்தெட்டு வருடம் அப்படி எழுந்து நின்றவர் அவர். தனக்காக இன்றுதான் ஒரு சபை நிற்கிறது. அது எதற்கு என்பது அவருக்குத் தெரிந்தது. முதுகு வளையவில்லை.  கதவைப் பிடித்துக்கொண்டார்.

மேற்பார்வையாளர்தான் முதலில் வந்தாள். அவரை உள்ளே அழைத்துப்போய் நாற்காலியில் உட்காரவைத்தாள். மகள் பின்னாலேயே வந்து சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றாள்.

"ஐயா, பேர் போடாம அனுப்பிட்டீங்க. கடமை மேசையிலேர்ந்து பேர் இல்லாமப் போனா எல்லாருக்கும் போயிடும். இங்க இருபது, கப்பல்ல நாற்பத்தொண்ணு."

"ஏன் அப்படி?"

"புயல் எச்சரிக்கைக்காக. அவசரத்துல ஒவ்வொரு பேராப் போட முடியாதே."

"அழிக்க முடியாது, இல்லே?"

"முடியாது ஐயா."

அவர் தலையாட்டினார். குடும்ப மானம் என்று மூன்று வருடம் மூடி வைத்திருந்த ஒன்றைத் தன் விரலாலேயே அறுபத்தொரு பேருக்கு அச்சடித்துக் கொடுத்திருக்கிறார். ஒரு எழுத்துப் பிழை இல்லாமல்.

"அவனுக்கும் போச்சா?" என்று கேட்டார்.

"போச்சு ஐயா. எல்லாருக்குமானதுங்கறதாலதான் போச்சு. பேர் போட்டு அனுப்பியிருந்தீங்கன்னா போயிருக்காது. உங்க பையன் கதவைச் சாத்தி வெச்சிருக்காரே."

"என்ன கதவு?"

"யார்கிட்டேர்ந்தும் செய்தி வேணாம்னா இதுல சாத்தி வெச்சுக்கலாம். புயல் செய்தி மட்டும் அதையும் தாண்டிப் போகும்."

அவள் இரண்டு சொல் தட்டினாள். திரையில் பெயர்ப் பட்டியல் வந்தது. ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் ஒரு கூட்டல் குறி. ஒரே ஒரு பெயருக்குக் கழித்தல் குறி. நாலெழுத்துப் பெயர். அதற்கு நேரே: *சாத்தியது 63 நாள் முன்.*

கோர்ட்டய்யா அந்த எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சட்டைப் பையிலிருந்து தாளை எடுத்து, நாலு மடிப்பையும் பிரித்து மேசையில் வைத்து, உள்ளங்கையால் நீவினார். தேதி ஒன்பது நாளைக்கு முந்தியது. ஆவணங்களோடு ஒரு ஆயுளைக் கழித்த மனிதருக்கு இதற்குமேல் சாட்சி தேவைப்படவில்லை.

மேற்பார்வையாளர் இருவர் முகத்தையும் பார்த்தாள். "டீ கொண்டாரச் சொல்றேன்" என்று வெளியே போய்விட்டாள்.

"அறுபத்திமூணு நாள்" என்றார் அவர்.

மகள் சுவரோடு அப்படியே சரிந்து தரையில் உட்கார்ந்தாள்.

"அப்பாகிட்ட ஒரு தடவை மன்னிப்புக் கேட்டுடு, அம்மாவுக்கு முடியலைன்னு அவனுக்கு எழுதினேன். எதுக்கு மன்னிப்புன்னு கேட்டான். அதோட சாத்திட்டான், அப்புறம் ஒரு வரிகூட எழுதலை. அம்மா தினமும் கேட்டா. இன்னிக்கு என்ன எழுதினான், என்ன எழுதினான்னு. நான் என்னப்பா பண்ணுவேன்? எப்படிப் பேசுவான்னு தெரியும். எழுதினேன்."

"எத்தனை?"

"கடைசி ஆறு தாள்."

"இந்த இருமல்?"

அவள் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டாள். "அதுவும்தான்."

அவர் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார். உண்மை பேசிய பிள்ளையை வெளியே அனுப்பிவிட்டார். வீட்டில் மிஞ்சிய பிள்ளை பொய் எழுதக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவள் எழுதிய பொய்யை நம்பித்தான் அவர் வாழ்க்கையில் முதல் தடவையாக உண்மையை எழுதினார்.

"வெந்நீரை நீதான் ஊத்திக் கொடுக்கணும்னு அம்மாவுக்கு எழுதியிருந்தே."

"ஆமாப்பா."

"ஊத்திக் கொடுத்தா. ஆஸ்பத்திரிக்குப் போறதுக்கு முந்தின நாள் வரைக்கும். என்ன திடீர்னு அக்கறைன்னு கேட்டேன். சிரிச்சா." தாளை மறுபடி அதே மடிப்புகளில் மடித்தார். "நல்லா எழுதியிருக்கே. அவனாயிருந்தா இவ்வளவு நல்லா எழுதியிருக்க மாட்டான்."

மகள் அழுதாள். காலையிலிருந்து அழுததெல்லாம் வேறு அழுகை.

திரை அசைந்தது. வரிகள் வர ஆரம்பித்தன. அவருக்குத் தெரியாத மனிதர்கள்.

*இயந்திர அறை: ஐயா, எங்கள் அனைவரின் ஆழ்ந்த அனுதாபம்.*

*கேப்டன்: கப்பலில் கொடி இறக்கப்பட்டது.*

*இரண்டாம் தளம்: உங்கள் பிள்ளை நல்லவன் ஐயா. அதை மட்டும் சொல்கிறேன்.*

*சமையலறை: எல்லாரும் சாப்பிட்டுக்கிட்டிருந்தோம். இங்க இருக்கற திரையிலதான் நின்னு படிச்சான். தட்டை அப்படியே வெச்சுட்டு மேல போயிட்டான். கூட ஆள் அனுப்பியிருக்கேன், கவலைப்படாதீங்க.*

ஒவ்வொரு வரியையும் அவர் உதடு அசையப் படித்தார். அறுபத்தொரு பேர் காறித் துப்புவார்கள் என்று காத்திருந்தவருக்கு, இதை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

மணி இரண்டு முப்பத்தைந்து. முப்பத்தாறு. மகள் எழுந்து அவர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்றாள். இருவரும் அந்த ஒரே பெயரைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இரண்டு முப்பத்தெட்டுக்குக் கழித்தல் குறி கூட்டல் குறியானது.

"அப்பா," என்றாள் மகள். குரல் கிசுகிசுத்தது. "திறந்துட்டான்."

செய்தி ஏதும் வரவில்லை. நாற்பது விநாடி, ஐம்பது விநாடி. எழுதிக்கொண்டிருக்கிறானா, எழுதி எழுதி அழிக்கிறானா, வெறுமனே உட்கார்ந்திருக்கிறானா? அதைச் சொல்ல அந்தத் திரைக்குத் தெரியாது.

கோர்ட்டய்யா விரல்களை விசைகளின்மேல் வைத்தார். 'சொல்' என்று அடித்தார். இடம் விட்டார். குப்புறக் கிடந்த சீட்டைத் தொடவில்லை. முதல் எழுத்தை அடித்தார். இரண்டாவது. மூன்றாவது. நான்காவது எழுத்தில் விரல் வேறு விசையில் பட்டது. அழித்தார். முப்பத்தெட்டு வருடத்தில் அவர் அழித்த எழுத்துகளை ஒரு கையால் எண்ணிவிடலாம். சரியாக அடித்து என்டரைத் தட்டினார்.

'அம்மா உன் பெயரைச் சொல்லச் சொன்னாள். நான் காலையில் சொல்கிறேன் என்றேன்.'

என்டர்.

*இணைப்பு இல்லை. செய்தி காத்திருக்கிறது. நாளை காலை 8.00-க்குச் சேரும்.*

மணி இரண்டு நாற்பது.

* * *

போன் அடித்தது. தம்பி. பின்னணியில் பந்தலின் இரைச்சல்.

"அண்ணா, எங்க இருக்கீங்க? எல்லாரும் வந்தாச்சு. நாலரைக்கு வண்டி வந்துடும்."

"வண்டி வேணாம்னு சொல்லிடு. அடக்கம் நாளைக்கு. காலையில எட்டு நாற்பதுக்கு அப்புறம்."

"என்ன பேசறீங்க? சொன்னதெல்லாம் என்ன ஆகறது? ஊர் சிரிக்கும்ணா."

"சிரிக்கட்டும்."

தம்பியின் குரல் இறங்கியது. இரைச்சலிலிருந்து தள்ளிப் போகிறார் என்று தெரிந்தது.

"அண்ணா, இப்போதான் யாரோ ஒருத்தன் எனக்குப் போன் பண்ணினான். உன் அண்ணன்தான் காரைக் கழுவினாராமே, தானே ஒத்துக்கிட்டாராமேங்கறான். நீங்க அங்க என்ன எழுதித் தொலைச்சீங்க? அந்தத் தையல்காரன் வீட்டுக்குத் தெரிஞ்சா கேஸை மறுபடி எடுப்பாங்க. தெரியுமில்லே?"

"தெரியும். நான் கோர்ட்டுல இருந்தவன்."

"இந்த வயசுல உங்களுக்கு இதெல்லாம் தேவையா? யாருக்காகண்ணா? யாருக்காக நாளை வரைக்கும் அவங்களைப் பெட்டியில வெச்சிருக்கணும்?"

மகள் அவர் தோளில் கை வைத்தாள். கறுப்புத் திரையில் பச்சைக் கோடு துடித்துக்கொண்டிருந்தது. அந்தப் பக்கம் ஒன்பது நாள் தொலைவில் ஒரு கதவு திறந்து கிடந்தது.

கோர்ட்டய்யா சட்டைப் பையிலிருந்த நோட்டை எடுத்தார். 5.10 என்று எழுதியிருந்ததற்கு மேலே கொஞ்சம் இடம் இருந்தது. அங்கே 4.10 என்று எழுதினார். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு, போனை வாயருகே கொண்டுபோய், தம்பி கேட்ட கேள்விக்குப் பதிலாக அந்த நாலெழுத்துப் பெயரைச் சொன்னார்.

பத்தரை மணி நேரம் தாமதமாக.